இதயத்தின் இடது பக்கச் சுவர் ஏன் தடிப்பு?

சாதாரண தரத்துக்குப் படிக்கும் தம்பி கேட்டிருக்கிறார்: இரண்டு பக்கமும் ஒரே அளவு குருதிதானே போகிறது, பிறகு குருதியை வெளியே தள்ளும் கீழ் அறைகளில் இடது இதயவறை மட்டும் ஏன் தடிப்பு?

அளவு ஒன்றுதான், ஓய்வில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர். தடைதான் வேறு. ஒட்சிசனை உடலுக்குக் கொடுத்துவிட்டு வரும் குருதி வலது சோணையறை (மேல் அறை), வலது இதயவறை வழியாகப் பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்குப் போகிறது. அதற்கு 25 மி.மீ. இரசம் (பாதரசம், குருதியழுத்தத்தை அளக்கும் அலகு) அளவு அழுத்தம் போதும். மிகவும் கூடினால் மயிர்க்குழாய்களிலிருந்து நீர் கசிந்து நுரையீரலில் தேங்கிவிடும், அது ஆபத்து. ஒட்சிசனோடு இடது பக்கம் திரும்பும் குருதியை மூளை முதல் கால்விரல் வரை தள்ள 120 வேண்டும், அதற்குத்தான் இடது இதயவறைக்குத் தடித்த தசைச் சுவர். கோணேசர் கோயிலுக்கு மேடேறும்போது இந்த அழுத்தம் இன்னும் கூடும்.

சரி, நம்பிக்கை வரவில்லையா? திருகோணமலைச் சந்தையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள் தம்பி. புத்தகப் படத்தைவிட நன்றாக விளங்கும், கறிக்கும் ஆகும்.