வேலூர் பக்கம் ஓய்வுபெற்றோர் குடியிருப்பில் இருந்துகொண்டு நல்ல பேக்கரியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெற்றோருக்குக் காட்பாடி தாண்டி ஒரு ஓய்வுபெற்றோர் குடியிருப்பில் வீடு பார்த்திருக்கிறீர்கள், அப்பா முப்பது வருடம் பெங்களூரில் இருந்தவர், காரா பன்னும் நல்ல ரொட்டியும் கிடைக்காமல் தினம் புலம்புகிறார், அம்மாவுக்குச் சர்க்கரை, பக்கத்தில் எந்த பேக்கரி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே மாதிரி ஒரு குடியிருப்பில்தான் நாலு வருடமாக இருக்கிறேன். பிறந்தது ராணிப்பேட்டை, வேலை பார்த்தது வட ஆற்காட்டில் பாதி ஊர்களில், எனவே பன் விஷயத்தில் கொஞ்சம் அனுபவம் உண்டு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைப் பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. ரகசியம் ஒன்றுமில்லை, சொன்னாலும் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். பேக்கரியின் ருசி போர்டில் இல்லை, மாஸ்டர் கையில் இருக்கிறது. மாஸ்டர் சம்பளத் தகராறில் வேறு கடைக்குப் போய்விட்டால் போர்டு அப்படியே இருக்கும், பன் மட்டும் செங்கல்லாகிவிடும். நான் வாடிக்கையாக வாங்கிய ஒரு கடையில் இப்படித்தான் ஒரு நாள் பன்னைக் கடித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. கல்லாவில் இருந்த பையனிடம் "மாஸ்டர் மாறிட்டாரா தம்பி?" என்றேன். "எப்படி தாத்தா கண்டுபிடிச்சீங்க?" என்று அசடு வழிந்தான். பழைய மாஸ்டர் சத்துவாச்சாரியில் இருக்கிறார் என்று அவனே சொன்னான், அந்த வாரமே அங்கே போய்விட்டேன்.

அப்பா பெங்களூர் ஆள் என்பதால் முதலில் ஐயங்கார் பேக்கரி போர்டைப் பார்த்துத்தான் போவார். போகட்டும். ஆனால் நம் பக்கம் தெருவுக்குத் தெரு 'பெங்களூர் ஐயங்கார் பேக்கரி' இருக்கிறது. அசல் கடைகள் ஹாசன் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்தவர்கள் போட்டவை, முட்டை சேர்க்காமல் செய்வதுதான் அவர்கள் அடையாளம். கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் தட்டிலேயே எக் பப்ஸ் உட்கார்ந்திருந்தால் ஐயங்கார் போர்டோடு சரி. எக் பப்ஸ் நன்றாகக்கூட இருக்கலாம், அது வேறு விஷயம். காரா பன்னைப் பிய்த்துப் பாருங்கள், உள்ளே வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெறும் மிளகாய்த் தூள் போட்டுச் சிவப்பாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், கடைக்குப் பின்னால் அடுப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் பேக்கரி என்று போர்டு வைத்த கடைகளில் பலவற்றுக்குச் சொந்த அடுப்பே கிடையாது. எங்கேயோ ஒரு இடத்தில் மொத்தமாகப் போட்டு லைன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். எங்கள் குடியிருப்புக்குள் இருக்கும் சின்னக் கடைக்கும் அந்த வண்டிதான். அது வரும் நேரம் அதற்குத்தான் தெரியும், ரொட்டி எப்போது சுட்டது என்பது யாருக்கும் தெரியாது. "சரக்கு இங்கேயே போடறதா, வெளியிலிருந்து வருதா?" என்று நேராகக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இங்கேயே போடுவதாகச் சொன்னால் அடுத்த கேள்வி, "ரொட்டி எத்தனை மணிக்கு இறங்கும்?" இதற்குத் தயங்காமல் நேரம் சொல்பவன் கடையில் நம்பி வாங்கலாம். "எப்ப வந்தாலும் ஃப்ரெஷ்தான் சார்" என்கிறவனிடம் பிஸ்கட் மட்டும் வாங்குங்கள்.

எனக்குப் பிடித்த கடை டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பாய் ஒருவர் நடத்துகிறார், இன்னும் விறகு அடுப்புதான். ஒரு நாள் நின்று பார்க்க விட்டார். அடுப்பு என்றால் நாம் நினைக்கிற அடுப்பு இல்லை, செங்கல்லில் கட்டிய குகை மாதிரி. உள்ளேயே விறகைப் போட்டு எரித்து, செங்கல் நன்றாகச் சூடேறியதும் நெருப்புக் கங்குகளையெல்லாம் வெளியே இழுத்துவிட்டு, நீளக் கம்பின் நுனியில் ஈரச் சாக்கைக் கட்டித் தரையைத் துடைக்கிறார்கள். அப்புறம் ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே எறிகிறார் மாஸ்டர். மாவு உடனே கருகினால் சூடு அதிகம், காத்திருக்க வேண்டும். மெதுவாகப் பழுப்பானால் ரொட்டி உள்ளே போகலாம். முதல் சூட்டில் ரொட்டி, அது இறங்கியதும் பன், அதற்கப்புறம் பிஸ்கட், கடைசியில் மிச்சமிருக்கிற வெதுவெதுப்பில் ராத்திரி முழுக்க ரஸ்க் காய்கிறது. ஒரே விறகில் நாலு சரக்கு. அந்த ரஸ்க்கை டீயில் நனைத்தால் பூ மாதிரி ஊறும், ஆனால் உடைந்து டம்ளருக்குள் விழாது. மின்சார ஓவனில் அவசரமாகக் காயவைத்த ரஸ்க் வெளியே கல்லாகவும் உள்ளே பிசுக்காகவும் இருப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டம்மா குடியாத்தத்துக்காரர். சின்ன வயதில் பெருநாளுக்கு முன்னால் வீட்டிலிருந்தே மைதா, நெய், சர்க்கரை எல்லாம் பிசைந்து தூக்கில் எடுத்துப்போய் பேக்கரியில் கொடுத்து நானகத்தாய் பிஸ்கட் சுட்டு வாங்கி வருவார்களாம், கூலி மட்டும்தான். பாயிடம் இதைச் சொன்னேன். "கொண்டாங்க பெரியவரே, போட்டுத் தரேன், நெய் மட்டும் நல்ல நெய்யா இருக்கட்டும்" என்றார். இரண்டு தடவை செய்தோம். கடையில் வாங்கும் எதுவும் அதற்குக் கிட்ட வராது.

சரி, இப்போது வயசானவர்கள் விஷயம். கோதுமை ரொட்டி என்று பழுப்பாக இருப்பதையெல்லாம் வாங்காதீர்கள். பாக்கெட்டைத் திருப்பினால் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் பெயர் மைதா என்றோ சுத்திகரித்த கோதுமை மாவு என்றோ இருந்தால் இரண்டும் ஒன்றுதான். பட்டியலில் 150 என்று ஒரு எண் இருந்தால் அது கேரமல் நிறம், பழுப்பு அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். பாக்கெட் இல்லாத ரொட்டி என்றால் மாஸ்டரிடமே கேளுங்கள், முழுக்க கோதுமை மாவில் போட்ட ரொட்டி மைதா ரொட்டி மாதிரி பஞ்சாக உப்பாது, கையில் எடுத்தால் கனக்கும். கேழ்வரகு பிஸ்கட்டும் அப்படித்தான். இப்போது எல்லாக் கடையிலும் சிறுதானியம் என்று ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள், அதில் கேழ்வரகு எத்தனை கைப்பிடி, மைதா எத்தனை கிலோ என்று கேட்டால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள்.

சர்க்கரை இல்லாதது என்று எழுதியிருப்பதில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். என் மனைவிக்காக ஒரு கடையில் 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் அரை கிலோ வாங்கினேன், தித்திப்பு கொஞ்சம் நாட்டுத்தனமாக இருக்கிறதே என்று அவளே சொன்னாள், ஆனாலும் நம்பி ராத்திரி நாலைந்து சாப்பிட்டுவிட்டாள். மறுநாள் காலை வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 212. போய்க் கேட்டால், "வெள்ளைச் சர்க்கரை போடலை சார், நாட்டுச் சர்க்கரைதான்" என்கிறார் கடைக்காரர், பெருமையாக! நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான் என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. சர்க்கரைக்குப் பதிலாக மால்டிடால் என்ற மாற்று இனிப்பைப் போட்டுச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அது சர்க்கரையைவிடக் குறைவாகத்தான் ஏற்றும், ஆனால் கொஞ்சம் அதிகமானால் வயிற்றைக் கலக்கிவிடும், நம் வயசில் அது சின்ன விஷயம் இல்லை. என்ன செய்தாலும் மைதா மைதாதான். அம்மாவுக்கு உப்பு பிஸ்கட் ஒன்றிரண்டு டீயோடு போதும் என்பது என் கருத்து, இரத்த அழுத்தமும் சேர்ந்து இருந்தால் அதுவும் கணக்காக. அவருடைய டாக்டர் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

பல்செட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பாடு. மட்டமான கொழுப்பில் செய்த பப்ஸ் சாப்பிட்டால் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும், பல்செட்டில் கேட்கவே வேண்டாம். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயை வனஸ்பதி மாதிரி கெட்டியாக்கும்போது உண்டாகும் கெட்ட கொழுப்பு) 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவு இருக்கிறது, இருந்தாலும் என் நாக்கின் சோதனையை நான் விடவில்லை. பப்ஸ் தின்று பத்து நிமிஷம் கழித்தும் அண்ணம் பிசுபிசுத்தால் அந்தக் கடையில் பப்ஸ் வாங்குவதில்லை.

ஆஸ்பத்திரிப் பக்கத்து ரொட்டியைக் குறைவாக நினைக்காதீர்கள். சிஎம்சிக்கு எதிரே காந்தி ரோடு, அதைச் சுற்றி இருக்கிற லாட்ஜ் சந்துகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்கியிருக்கிறவர்கள் அதிகம், போர்டுகள்கூட வங்காளத்தில் இருக்கும். நோயாளிக்குப் பாலும் ரொட்டியும், கூட வந்தவருக்கு டீயும் பன்னும். அதனால் அங்கே ரொட்டி அலமாரியில் தங்குவதே இல்லை, காலையில் இறங்கினது மதியம் காலி. என்ன, வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, வயசானவர்கள் அந்தக் கூட்டத்தில் போவதும் சரிப்படாது. வேறு வேலையாக ஆஸ்பத்திரி போகிற நாளில் வாங்கிக்கொள்ளுங்கள், எப்படியும் நம் வயசில் மாதம் ஒரு தடவை போகத்தான் வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் கண்டுபிடித்தாலும் தினம் யார் டவுனுக்குப் போவது? இதற்கு நாங்கள் செய்தது, பதினோரு வீடு சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு, செவ்வாயும் வெள்ளியும் ஆர்டர். வழக்கமாக வரும் ஆட்டோக்காரத் தம்பி நாலரை மணிக்குப் பாய் கடையில் நிற்பார், ரொட்டி இறங்குவது நாலேகால். மொத்தமாக வாங்குவதால் கேட்டபடி செய்து தருகிறார்கள், உப்புக் குறைவாக இரண்டு, முழுக் கோதுமையில் நாலு, பல் இல்லாதவர்களுக்கு ஓரம் கெட்டியாகாத பால் பன். வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் மாஸ்டருக்கும் செய்ய உற்சாகம் வருகிறது.

முதல் வாரம் ஒரு தப்பு நடந்தது, அது எங்கள் தப்புதான். சூடு ஆறும் முன்னே ரொட்டியை ஸ்லைஸ் போடச் சொல்லி பிளாஸ்டிக் கவரில் கட்டி எடுத்துவந்துவிட்டோம். நம் ஊர் வெயிலுக்கு உள்ளேயே வேர்த்து, மறுநாள் சாயங்காலம் பச்சைப் பூஞ்சை. பூஞ்சை பிடித்த பக்கத்தை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடலாம் என்று ஒரு மாமா வாதாடினார், கூடாது, முழுதும் குப்பைக்குத்தான். இப்போதெல்லாம் முழு ரொட்டியாக வாங்கி, ஆறவிட்டு, வீட்டில் அறுத்துக்கொள்கிறோம். மிச்சத்தை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், அங்கே வெளியில் இருப்பதைவிட வேகமாக வறண்டு கெட்டியாகும். ஃப்ரீசரில் வைத்து வேண்டும்போது இரண்டு துண்டு எடுத்துத் தோசைக்கல்லில் போட்டால் அன்று சுட்டது மாதிரி இருக்கிறது.

மே மாதம் கிரீம் கேக் ஆர்டர் செய்யாதீர்கள், காட்பாடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் பூவெல்லாம் சரிந்துவிடும். டிசம்பரில் பிளம் கேக்குக்குக் கடையைவிட வீட்டில் செய்து விற்கும் பெண்கள் நல்ல வழி, குடியிருப்பிலேயே விசாரித்தால் யாருடைய மருமகளாவது செய்வாள், பழங்களை எப்போது ஊறப்போட்டாள் என்று மட்டும் கேளுங்கள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் பேக்கரியே வேண்டாம், ஆற்காடு மக்கன் பேடா இருக்கிறது. அம்மா கண்ணில் மட்டும் படாமல் வையுங்கள்.

அப்பாவுக்குக் காரா பன் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். பாய் கடையில் காரா பன் போடுவதில்லை, கேட்டுப் பார்த்தேன். ஆனால் அந்தப் பழைய மாஸ்டர் சத்துவாச்சாரியில் வியாழன், ஞாயிறு மட்டும் போடுகிறார், காலை பத்தரைக்கு இறங்கும், பதினொன்றரைக்கு மேல் இருக்காது. நான் ஞாயிறு தோறும் போகிறேன். உங்கள் அப்பா வருவதாக இருந்தால் இங்கேயே உள்பெட்டியில் செய்தி போடுங்கள், ஒரே ஆட்டோவில் போய்விடலாம். துணிப்பை ஒன்று எடுத்துவரச் சொல்லுங்கள், பன் சூடாக இருக்கும்.