இளவெயிலின் வேலை வேறு

ஐயா, வணக்கம்.

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். வயது 54. இரண்டு வருடமாகத் தினமும் காலை 6.15க்கு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். சூரியன் எழுந்ததும் செம்புத் தண்ணீரால் அர்க்கியம் விட்டு, 12 சூரிய நமஸ்காரம் செய்து, 7 மணி வரை அங்கேயே இருப்பேன். நல்ல தூக்கம் வருகிறது. முன்பிருந்த படபடப்பு குறைந்திருக்கிறது. ஆனால் போன மாதம் உடம்பு வலி என்று டாக்டரிடம் போனபோது ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “வைட்டமின் டி 11தான் இருக்கிறது, வெயிலே படுவதில்லையா?” என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாரம் ஒரு பாக்கெட் பவுடர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இளவெயிலில்தான் வைட்டமின் டி என்று எல்லோரும் சொல்கிறார்களே? இன்னொன்று: நான் போகும் யோகா வகுப்பில் உதயசூரியனைக் கண் கொட்டாமல் பார்க்கச் சொன்னார்கள். முதல் நாள் 10 விநாடி, பிறகு தினமும் 10 விநாடி கூட்டி, இப்போது 3 நிமிடம் பார்க்கிறேன். தொடரலாமா? இரண்டு வருடம் நான் செய்தது வெறும் நம்பிக்கைதானா?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகி

*

வணக்கம் அம்மா,

நீங்கள் போகிறபோக்கில் கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் அவசரமானது. சூரியனை உற்றுப் பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

எழுத்து வாசிக்கவும், ஊசியில் நூல் கோர்க்கவும், எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காணவும் விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு குழி வேண்டும். சூரியனை நேரே பார்க்கும்போது கண்ணின் லென்ஸ் அந்தக் குழியில்தான் ஒளியைக் குவிக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் ‘எரிச்சல் இல்லை, எனவே ஆபத்தில்லை’ என்ற கணக்கு இங்கே செல்லாது. உதயத்தின்போது ஒளி மங்கலாக இருப்பது உண்மை. ஆனால் சூரியன் தன் அகலத்தை 2 நிமிடத்தில் கடந்துவிடும். நீங்கள் 3 நிமிடம் பார்த்து முடிப்பதற்குள் அது வேறு உயரத்தில், வேறு வலுவோடு நிற்கும். அர்க்கியம் விடுவதில் தவறில்லை. பார்வை மட்டும் செம்பிலிருந்து விழும் நீரில் இருக்கட்டும். நண்பகல் சந்தியாவந்தனமான மாத்யாஹ்நிகத்தில் விரல்களைக் கோர்த்து அந்த இடைவெளி வழியாகச் சூரியனைப் பார்க்கும் வழக்கம் உண்டு. நண்பகல் சூரியனுக்கு விரலிடுக்கு பாதுகாப்பு ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு செய்தால் போதும்.

இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டை ஓர் அடி தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்ற கண்ணால் புள்ளியை மட்டும் பாருங்கள். பிறகு அடுத்த கண். சுற்றியுள்ள கோடுகள் வளைந்தாலோ, புள்ளிக்கருகே ஒரு கட்டம் காணாமல் போனாலோ, அங்கே மங்கல் தெரிந்தாலோ கண் மருத்துவரிடம் போய் விழித்திரை ஸ்கேன் எடுக்க வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் ஒரு கண்ணின் குறையை மற்ற கண் மறைத்துவிடும். கோடுகள் நேராகத் தெரிந்தாலும் 3 நிமிடம்வரை பார்த்திருக்கிறீர்கள் என்பதால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. வெயிலில் வெந்த விழித்திரை சிலருக்குச் சில மாதங்களில் தேறும், சிலருக்குத் தேறாது. அதை மாற்ற மருந்து கிடையாது.

இனி அந்த 11. நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ‘இளவெயிலில் வைட்டமின் டி’ என்று ஊர் முழுக்கச் சொல்லிவருவதுதான் தவறு.

நம் தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற பொருள் இருக்கிறது. புற ஊதா பி கதிர் பட்டால்தான் அது வைட்டமின் டி ஆக மாறத் தொடங்கும். அந்தக் கதிரைப் பெருமளவு வழியிலேயே விழுங்கிவிடுவது ஓசோன். சூரியன் சாய்வாக இருந்தால் கதிர் காற்றுக்குள் வரும் வழி நீளமாகிறது, ஓசோன் விழுங்கும் அளவும் கூடுகிறது. இதைத் தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம், உங்கள் நிழலே போதும். சூரியன் தொடுவானத்திலிருந்து 10 பாகை ஏறியிருக்கும்போது உங்கள் நிழல் உங்களைப்போல் ஐந்தரை மடங்கு நீளம் இருக்கும். அப்போது கதிர் கடக்கும் காற்றும், சூரியன் உச்சியில் இருக்கும்போது கடப்பதைவிட ஐந்தரை மடங்கு. நீங்கள் மாடியிலிருந்து இறங்கும் 7 மணிக்குக்கூட நிழல் மாடிச் சுவர்வரை நீண்டுதான் கிடக்கும். அந்த வெயிலில் இரண்டு வருடமல்ல, இருபது வருடம் நின்றாலும் தோலில் சொல்லும்படியாக எதுவும் நடக்காது.

நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகும்போது சூரியன் 45 பாகையைத் தாண்டியிருக்கும். வைட்டமின் டிக்கு அதுதான் நேரம். திருச்சியில் பங்குனியில் காலை சுமார் 9.25க்கு அந்த நிலை வரும். மார்கழியில் 10.15 ஆகிவிடும், பிற்பகல் 2.15க்குள் முடிந்தும்விடும். ஆண்டு முழுவதற்கும் ஒரே கடிகார நேரத்தைச் சொல்லும் அறிவுரைகள் இதனால்தான் பிசகுகின்றன. திருப்பதியில் நடந்த ஓர் ஆய்வும் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிவரைதான் தோலில் இந்த மாற்றம் அதிகம் என்று கண்டது.

எவ்வளவு நேரம், எவ்வளவு தோல் என்பதும் முக்கியம். முழுக்கை ரவிக்கையும் இழுத்துப் போர்த்திய துப்பட்டாவுமாக ஒரு மணி நேரம் நின்றால் முகமும் கைவிரலும்தான் வெயில் வாங்கும். கைகள் தோள்வரை, கால்கள் முழங்கால்வரை திறந்திருக்க, வாரம் 3 அல்லது 4 நாள், 20 முதல் 30 நிமிடம் என்று தொடங்குங்கள். மாநிறத்துக்கு இது பொருந்தும். கறுப்புத் தோலில் மெலனின் அதிகம், கதிரை அது தடுப்பதால் இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். வயது கூடக்கூடத் தோலில் அந்த மூலப்பொருளே குறைந்துபோகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடியில் மறைவு இல்லையென்றால் பழைய புடவையைக் கொடியில் திரைபோலக் கட்டிவிடலாம். முகத்தில் மங்கு இருந்தால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள், மங்குக்கு வெயில் ஆகாது. முகத்தின் பரப்பு சிறியது என்பதால் இழப்பும் பெரிதில்லை.

தோல் கன்றுமளவு நிற்பதால் பலன் கூடாது. ஓர் அளவுக்குமேல் போனால், உண்டாகும் பொருளை அதே வெயில் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. உடம்பு தானே வைத்துக்கொண்ட தடுப்பு அது. வெயிலில் நின்றதும் குளித்தால் வைட்டமின் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதை நம்ப வேண்டாம். அது உண்டாவது தோலின் உயிருள்ள அடுக்கில், சோப்பு அங்கே எட்டாது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வெயில் காய்வது வீண். சூடு வரும், புற ஊதா பி வராது.

அக்னி நட்சத்திர நாட்களில் மதியம் மாடி ஏறாதீர்கள். 9.30க்குப் போய் 10 மணிக்குள் இறங்கிவிடலாம். தலையில் துணி, கையில் தண்ணீர். லூபஸ் நோய் உள்ளவர்களும், டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அல்லது ரத்தக்கொதிப்புக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் வெயிலில் நிற்கக் கூடாது. அவர்கள் தோல் சீக்கிரம் வெந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு சொல்கிறேன்: 11 என்ற அளவை வெயிலால் மட்டும் தூக்க முடியாது. பொதுவாக 20க்குக் கீழே என்றாலே குறைபாடு. டாக்டர் கொடுத்த பாக்கெட்டை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். அது வழக்கமாக 60,000 யூனிட் கொண்டது. வாரம் ஒன்று, பெரும்பாலும் 8 வாரம். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு பாலில் கலந்து குடிப்பது நல்லது, வெறும் வயிற்றில் வேண்டாம். இதில் நடக்கும் பெரிய பிழை, வாரத்துக்கு ஒன்றைத் தினமும் ஒன்று என்று புரிந்துகொள்வது. 8 வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே கடையில் வாங்கி மாதக்கணக்கில் தொடர்பவர்களும் இருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம்வரை கெடுத்துவிடும். வெயிலால் இப்படி ஒருபோதும் ஆகாது, மருந்தால் ஆகும். காலண்டரில் ஒரு கிழமையை வட்டமிட்டு, குடித்ததும் அடித்துவிடுங்கள். மறு பரிசோதனை 3 மாதம் கழித்து. அதற்கு முன் பார்த்தால் எண் நிலைத்திருக்காது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, தூக்கம் நன்றாக வருகிறது என்பது. அதை நீங்கள் ஏதோ ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருட மாடியின் பலன் அதுதான்.

கண்ணில் பார்வைக்கான செல்கள் தவிர இன்னொரு வகைச் செல் உண்டு. அதற்கு உருவம் முக்கியமில்லை, வெளிச்சம் எவ்வளவு என்பதை அளந்து மூளையில் இருக்கும் கடிகாரத்துக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அதில் இருக்கும் மெலனாப்சின் என்ற நிறமி கண்டறியப்பட்டது 1998இல்தான். நம் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது. விட்டுவிட்டால் தினமும் சில நிமிடம் பிந்திக்கொண்டே போகும். காலை வெளிச்சம் அதைப் பிடித்து முன்னே இழுத்துவைக்கிறது. இரவில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் எப்போது சுரக்க வேண்டும் என்பது அங்கே முடிவாகிறது. உள்கடிகாரத்தின் மூலக்கூறு வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இதற்கு வெளிச்சத்தின் அளவு முக்கியம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். டியூப்லைட் போட்ட அறையில் 100 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும். மேகம் மூடிய நாளில் மாடியில் 10,000 இருக்கலாம், நேர் வெயிலில் 1 லட்சம்வரை போகும். நம் கண் உடனே பழகிக்கொள்வதால் அறையும் வெளிச்சமாகத்தான் தோன்றும், மூளையின் கடிகாரம் அப்படி ஏமாறாது. ஆகவே ஐப்பசி மழை மூட்டத்திலும் மாடிக்குப் போகலாம், 20 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம் இருந்தால் சரியாகிவிடும். கறுப்புக் கண்ணாடி வேண்டாம், பவர் கண்ணாடி இருக்கலாம். சூரியன் இருக்கும் திசையில் திறந்த வானம் இருந்தால் போதும், கண் தென்னை மட்டையில் விழும் ஒளியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். படபடப்பு குறைந்ததில் நமஸ்காரத்துக்கும் மூச்சுக்கும் நிச்சயம் பங்குண்டு. உங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் வெளியே விரட்டுங்கள். தைவான் பள்ளிகளில் 2010 முதல் பிள்ளைகளைத் தினமும் 2 மணி நேரம் வெளியே விடச் சொல்கிறார்கள், கிட்டப்பார்வையைத் தடுக்க.

பச்சையைப் பார்ப்பதன் பலனும் வெறும் பேச்சில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை முடிந்த நோயாளிகளின் பதிவேடுகளை எடுத்து ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இது சிறிய ஆய்வுதான், ஆனாலும் தொட்டிச் செடி நான்கை மாடியில் வைக்க இந்தக் காரணம் போதும்.

வெறும் நம்பிக்கைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனை எண்ணால் உங்கள் வழிபாடு தோற்றுப்போகாது. வைட்டமினுக்காக யாரும் சூரியனைத் தொழத் தொடங்கவில்லை. பலனைக் கணக்குப் பார்க்கும் கண்ணோடு மாடியில் நின்றால்தான் 11 உங்களை அழவைக்கும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இரண்டு வருடம் விடாமல் நின்றிருக்கிறீர்கள். நகரத்தில் அநேகமாக யாரும் பார்க்காத ஒன்றைப் பார்க்க அது உங்களுக்குத் தகுதி தந்திருக்கிறது. இதற்கு உற்று நோக்க வேண்டாம், விளிம்பு எட்டிப் பார்க்கும் கணத்தில் ஒரு நொடிப் பார்வை, பிறகு கண்ணைத் திருப்பிவிடலாம்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரே இடத்தில் நின்று, சூரியன் எந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு, எந்த மரத்துக்கு அருகே எழுகிறது என்று சாக்பீஸால் குறித்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மார்ச் 20ஐ ஒட்டிய நாட்களில் அது தினமும் தன் அகலத்தில் சுமார் முக்கால் பங்கு இடப்பக்கம், அதாவது வடக்கே நகரும். ஆனிக்குப் பிறகு வலப்பக்கம் திரும்பிவரும். ஆனியின் வட எல்லைக்கும் மார்கழியின் தென் எல்லைக்கும் நடுவே 48 பாகை. கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி சுமார் 10 பாகை, ஆக ஐந்து முஷ்டி அகலம். ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் நண்பகலில் திருச்சியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். 12.15 வாக்கில் செம்பை வெயிலில் வைத்துவிட்டுச் சில நிமிடம் பாருங்கள், நிழல் அதன் அடிக்குள் போய்விடும்.

டிசம்பர் 15இலிருந்து 28வரை கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், சூரியன் நகராமல் நிற்பதுபோல இருக்கும். உண்மையில் 21 அல்லது 22இல் அது திரும்பிவிடுகிறது. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கமாகக் கொண்டாடும் வழக்கம், அந்தத் திருப்பம் தையில் நிகழ்ந்த பழைய காலத்தது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இரண்டும் மூன்று வாரம் விலகிவிட்டன. பொங்கலன்று பானை வைப்பதற்கு முன் மாடிக்குப் போய்ப் பாருங்கள். மார்கழிக் கோட்டிலிருந்து நான்கு சூரிய அகலம் இடப்பக்கத்தில் எழுந்து வரும்.