வழியனுப்பும் நாளில் என்ன பேசுவது? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. பொறுப்பேற்று இரண்டு வருடம் ஆகிறது. வருடத்தில் இரண்டு முறை பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் பேச வேண்டியிருக்கிறது. ஒன்று, கடைசி வகுப்பை வழியனுப்பும் நாள். இன்னொன்று, விடுமுறை முடிந்து மற்ற வகுப்புகள் திரும்பும் நாள். போன முறை வழியனுப்பு உரை 25 நிமிடம் போய்விட்டது. பாதியிலேயே பின்வரிசையில் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. தப்பு நீளத்தில் மட்டும்தானா, சொன்ன விஷயத்திலும் இருக்கிறதா? தேர்ச்சி பெறாத பிள்ளைகளும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? "நன்றாகப் படியுங்கள், முன்னேறுங்கள்" என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் வரவில்லை.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தலைமையாசிரியைக்கு,

தப்பு இரண்டிலும் இருக்கும். நீளத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். வழியனுப்பு உரை 7 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தமிழில் மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 100 சொற்கள் போகும். அப்படியென்றால் எழுதி வைக்க வேண்டியது 600 சொற்கள்தான். கைதட்டலும் இடைநிறுத்தமும் மீதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் வேகம் தெரிய வேண்டுமானால், எழுதியதை ஒரு நிமிடம் வாய்விட்டுப் படித்துச் சொற்களை எண்ணிப் பாருங்கள். மனசுக்குள் படிக்கும் வேகத்தை நம்ப வேண்டாம், அது எப்போதும் கூடுதலாகவே இருக்கும். உரை நீண்டுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் தொடக்கத்தில் வரும் நன்றிப் பட்டியல். அந்தப் பெயர்களை அச்சிட்ட நிகழ்ச்சி நிரலுக்கு மாற்றிவிட்டு, முதல் வாக்கியத்தையே பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய எழுத்தில், ஒரே பக்கமாக அச்சிடுங்கள். ஒவ்வொரு தாளிலும் கீழ் மூன்றில் ஒரு பங்கை வெற்றாக விடுங்கள். அடிவரி வரை எழுத்து இருந்தால் தலை குனிந்து, வாய் மைக்கை விட்டு விலகி, வாக்கியத்தின் கடைசிச் சொல் யாருக்கும் கேட்காது. தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது என்பதால் அந்தச் சொல் போனால் வாக்கியமே போனது போலத்தான். ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், பக்க எண் போடுங்கள். படித்த தாளைப் புரட்டாமல் பக்கவாட்டில் நகர்த்துங்கள், புரட்டும் சத்தத்தை மைக் பெரிதாக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊக்கம் தரும் பேச்சு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, எந்தப் பள்ளியில் எந்த வருடத்துப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடக்கூடியது. "உலகம் உங்கள் கையில்", "உங்களால் முடியாதது எதுவும் இல்லை" போன்றவை. கேட்கிற பிள்ளைக்கு அது தன்னைப் பற்றியது இல்லை என்று உடனே தெரிந்துவிடும். ஒரு பெரியவர் தன்னைக் கவனித்திருக்கிறார், கவனித்ததை வைத்துப் பேசுகிறார் என்று தெரியும்போதுதான் பதினேழு வயதுப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். ஆகவே உரையில் முதலில் வேண்டியது அலங்காரம் அல்ல, தகவல்.

அந்தத் தகவலை இரண்டு வாரம் முன்பே சேகரிக்கத் தொடங்குங்கள். கடைசி வகுப்பின் ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த வகுப்பு எதில் முதலில் திணறியது, பிறகு எப்படிச் சரிசெய்தது?" மதிப்பெண், பரிசு, ரேங்க் எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவைதான் வந்து சேரும். வேதியியல் செய்முறையில் டைட்ரேஷனில் (ஒரு கரைசலோடு இன்னொன்றைச் சேர்த்து அளவு காண்பது) நிறம் மாறும் முடிவுப் புள்ளியைத் திரும்பத் திரும்பத் தவறவிட்ட ஒரு குழு, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து கடைசிப் பகுதியைச் சொட்டுச் சொட்டாக விடப் பழகிய பிறகு அளவீடுகள் ஒத்துவந்தன என்று ஓர் ஆசிரியர் எழுதித் தரலாம். அதை அப்படியே சொல்லுங்கள். அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, அதே மேசையில் திணறிய மற்றவர்களுக்கும் அது போய்ச் சேரும். இப்படி மூன்று விஷயம் போதும். ஐந்து வைத்தால் பட்டியலாகிவிடும்.

பெயர் சொல்வதில் கவனம் வேண்டும். முதல் மூன்று இடம் பிடித்தவர்களை மட்டும் சொன்னால், மீதிப் பேருக்குக் கேட்பது "நீ இல்லை" என்ற செய்திதான். நோய், வீட்டுச் சூழல், பணக்கஷ்டம், இழப்பு ஆகியவற்றைத் தாண்டி வந்த பிள்ளையின் கதையை, அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்காமல் மேடையில் சொல்லவே கூடாது. பாராட்டுவதாக நினைத்துச் செய்வோம். பிள்ளைக்கோ ரகசியம் உடைந்ததாக இருக்கும். பெயரை எப்படி உச்சரிப்பது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

புகழ்கிற விதத்திலும் ஒரு பிழை இருக்கிறது. 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளை வெளியிட்டார்கள். முதல் புதிர்த் தொகுப்பை முடித்ததும் ஒரு பகுதியினரிடம் "நீ புத்திசாலி" என்றும், இன்னொரு பகுதியினரிடம் "நீ நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோல்வியைச் சந்திக்க வைத்தார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் அதன் பிறகு சீக்கிரம் சோர்ந்தார்கள். அடுத்த தொகுப்பில் அவர்களுடைய மதிப்பெண் இறங்கியது. தன் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் இவர்களிடையேதான் அதிகம். இதைப் படித்துவிட்டு "உழை, உழை" என்று மட்டும் சொல்வதும் பயன்படாது. ஏற்கெனவே உழைத்தும் பலன் வராத பிள்ளையிடம் இன்னும் உழைக்கச் சொல்வது வெறும் குற்றச்சாட்டு. அவர்களுக்குத் தேவை வேறு வழி: எந்த முறையை மாற்றுவது, யாரிடம் கேட்பது. சொட்டுச் சொட்டாக விட்ட கதை எடுபடுவதும் அதனால்தான், அதற்குள் வழி இருக்கிறது.

வெளியே போகிற பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய முக்கியமான ஒன்று: புதிய இடத்தில் முதல் சில மாதங்கள் "இந்த இடம் எனக்கானது இல்லை" என்று தோன்றும். அது பலருக்கும் தோன்றும், பெரும்பாலும் தணிந்துவிடும். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முதலாண்டு மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இதே செய்தியை மூத்த மாணவர்களின் அனுபவமாகத் தந்தார்கள். தாங்கள் இங்கே ஏற்கப்படுவோமா என்ற சந்தேகம் அதிகம் இருந்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தன. இந்தச் செய்தியை நீங்கள் சொல்வதைவிட, பள்ளியை விட்டு ஓரிரு வருடம் ஆன பழைய மாணவர் ஒருவர் 3 நிமிடம் சொல்வது மேல். பெரிய பதவியில் இருப்பவரைத் தேடாதீர்கள். அவருக்கு அந்த முதல் மாதம் மறந்திருக்கும். முதல் மாதம் எது கஷ்டமாக இருந்தது, எப்போது மாறியது, அதற்கு நீ என்ன செய்தாய் என்ற மூன்று கேள்விகளை முன்பே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் அவரும் வெற்றிக்கதை சொல்லிவிட்டுப் போவார்.

பள்ளி முடிவதற்கும் அடுத்த இடம் தொடங்குவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. இடம் கிடைத்த பிறகும், ஒரு படிவம், ஒரு கடைசித் தேதி, ஒரு சான்றிதழ் தவறியதால் சேராமலே போகும் பிள்ளைகள் உண்டு. இதற்கு ஊக்க உரை உதவாது, ஒற்றைத் தாள் உதவும். விடுமுறையில் அலுவலகம் திறந்திருக்கும் நாள், நேரம். எந்தச் சான்றிதழ் யாரிடம், விண்ணப்பித்து எத்தனை நாளில் கிடைக்கும். ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பு கேட்க வேண்டும் என்பது. சந்தேகத்துக்கு அழைக்க ஒரு எண். அந்த எண்ணை உண்மையிலேயே எடுத்துப் பேசும் ஒருவர் இருக்க வேண்டும். அந்தத் தாளை வாசலில் அவரே கொடுத்தால், பிள்ளைக்கு அவர் முகமும் தெரிந்துவிடும்.

தேர்ச்சி பெறாதவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களுக்கான பேச்சு அந்தக் கூடத்தில் நடக்க வேண்டியது அல்ல. நிகழ்ச்சிக்கு முன்பே, ஒவ்வொருவரையும் 10 நிமிடம் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். மறுதேர்வு எப்போது, எந்தப் பாடம், எந்த ஆசிரியர் எந்த நாளில் சொல்லித் தருவார் என்ற மூன்றும் எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும். ஆறுதலை அதற்குப் பிறகு சொல்லலாம். வழியனுப்பு நாளில் வந்து நண்பர்களோடு உட்காரலாமா, வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மேடையில் "சிலருக்குத் தாமதமாகலாம்" என்கிற மாதிரி வாக்கியம் வேண்டாம். கூடமே திரும்பி யார் என்று பார்க்கும்.

திரும்பி வருகிற வகுப்புகளுக்கான பேச்சு வேறு மாதிரி. பிள்ளைகள் நின்றுகொண்டு கேட்பார்கள் என்றால் 4 நிமிடத்தில் முடியுங்கள். நேரம், அறை, ஆசிரியர் என எது மாறியிருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். முதல் நாள் பதற்றத்தில் பாதி அதுதான். பிறகு பள்ளியின் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வாக்குறுதி, 30 நாளில் செய்து முடிக்கக்கூடியதாக: நூலகம் மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்கும் என்பது போல. இந்த வருடம்தான் கடைசி வகுப்புக்கு வந்திருப்பவர்களிடம், தேர்வுக்கு இத்தனை நாள்தான் இருக்கிறது என்று முதல் காலையிலேயே எண்ணிக் காட்டாதீர்கள். பயம் வரும், திட்டம் வராது.

உண்மையான ஊக்கம் அன்றைக்கு மைக்கில் நடப்பதில்லை, அடுத்த இரண்டு வாரத்தில் வகுப்பறையில் நடக்கிறது. 40 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 200 நிமிடம். 10 வேலை நாளில் பிரித்தால் நாளுக்கு 4 பேர், 20 நிமிடம். வகுப்பாசிரியருக்கு அந்த 20 நிமிடத்தை நீங்கள் அட்டவணையில் ஒதுக்கித் தர வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே நின்றுபோகும். போன வருடம் எது கைகொடுத்தது, எங்கே சிக்கினாய் என்று கேட்டுவிட்டு, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவில் ஒரு வாக்கியத்தைப் பிள்ளையையே எழுத வைக்கச் சொல்லுங்கள். "கணக்கில் கவனம் செலுத்துவேன்" என்பது தீர்மானம், நாலு நாளில் கரையும். "இரவு சாப்பிட்டு எழுந்ததும், அன்றைக்குத் தப்பாகப் போட்ட ஒரு கணக்கை விடையைப் பார்க்காமல் மறுபடி போடுவேன்" என்பதில் நேரமும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. இப்படிச் சூழலோடு செயலை முடிச்சுப்போடும் திட்டங்கள் வெறும் தீர்மானத்தைவிட அதிகம் நிறைவேறுகின்றன என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து காட்டிவந்திருக்கிறார். போன வருடம் தங்கிவிட்டு அதே வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு முதல் நாளே இந்த 5 நிமிடம் கிடைக்கட்டும்.

உரையை எழுதி முடித்ததும், முந்தைய நாள் கடைசி வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். நன்றாயிருக்கிறதா என்று கேட்டால் நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பென்சிலைக் கையில் கொடுத்து, கவனம் எங்கே போனதோ அந்த இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இருவரும் கோடு போட்ட பத்தியை எடுத்துவிடுங்கள்.