பலகை வளைந்தால் அலை என்ன செய்யும்? – வாசகர் கேள்வி பதில்

கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் பொத்துவிலிலிருந்து அறுகம்பைக்குப் போகும் பாதையில் கூரைமேல் அலைச்சறுக்குப் பலகை கட்டிய முச்சக்கர வண்டிகள் ஓடத் தொடங்கிவிடும். இந்தக் கேள்வி பதில் பகுதிக்கு வரும் கடிதங்களும் அந்த மாதங்களில் பலகையைப் பற்றியனவாகவே மாறிவிடும். இம்முறை வந்தவற்றுள் ஆறினை எடுத்துக்கொண்டேன். 'சேர்ஃப் போர்ட்' என்று எழுதியவர்களுக்கும் 'பலகை' என்றே பதில் எழுதியிருக்கிறேன். கரையில் இளைஞர்கள் 'ஃபின்' என்று சொல்லும் உறுப்பை, மீனுக்குச் சொல்வது போலவே, 'செட்டை' என்று சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 19, எடை 62 கிலோ. வாடகைக்குக் கேட்டால் எப்போதும் ஒன்பது அடி நீளமான, மேலே மென்மையான நுரை பொதிந்த மென்பலகையையே தருகிறார்கள். நண்பனின் ஆறடிப் பலகையில் ஏறினால் படுக்கவே முடியவில்லை, மூழ்குகிறது. பழக்கம் போதாதா, பலகை பிழையா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இரண்டும் இல்லை, கணக்குத்தான். பலகையின் பருமனை லீற்றரில் சொல்வது வழக்கம். ஒன்பது அடி நீளமும் இருபத்திரண்டரை அங்குல அகலமும் மூன்று அங்குலத் தடிப்பும் உள்ள பலகை ஏறத்தாழ 70 லீற்றர் வரும். உங்கள் நண்பனுடையது போன்ற மெல்லிய ஆறடிப் பலகை 28 லீற்றரைத் தாண்டுவது அரிது. கடல் நீர் ஒரு லீற்றர் சுமார் 1.025 கிலோ எடையுள்ளது. எனவே ஆறடிப் பலகை முழுவதும் நீருக்குள் அமிழ்ந்தாலும் அது மேல்நோக்கித் தள்ளக்கூடியது 29 கிலோவுக்குச் சற்றுக் குறைவு; அதில் பலகையின் சொந்த எடையான மூன்று கிலோவைக் கழித்தால் மிஞ்சுவது உங்கள் எடையில் பாதிகூட இல்லை. பெரிய பலகையோ தன் ஆறேழு கிலோவைக் கழித்த பின்னும் 62 கிலோவைத் தாங்கிக்கொண்டு மிதக்கும்.

அப்படியானால் உங்கள் நண்பன் அதே ஆறடிப் பலகையில் எப்படி நிற்கிறான் என்று கேட்பீர்கள். அவனை அங்கே நிறுத்துவது மிதப்பு அன்று, வேகம். குளத்தில் ஓட்டுச்சில்லைச் சாய்த்து எறிந்தால் அது நீரைத் தட்டித் தட்டிப் போவதையும், வேகம் தீர்ந்த இடத்தில் 'தொபுக்' என்று தாழ்வதையும் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். ஓடும் பலகையின் அடியில் மோதும் நீர் கீழே தள்ளப்படுவதால், அதன் எதிர்விசை பலகையை மேலே தூக்குகிறது. பழகியவன் அலை எழும் சரியான இடத்தில் நின்று, இரண்டு மூன்று கைவீச்சில் அந்த வேகத்தைப் பெற்றுவிடுகிறான். அதற்கு முன் அவனும் நெஞ்சளவு நீரில் அமிழ்ந்தபடியேதான் காத்திருக்கிறான். உங்களுக்கு அந்த இடம் இன்னும் கண்ணில் படவில்லை. ஆகவே, வேகம் இல்லாத நேரத்திலும் தாங்குகின்ற, மெதுவான அலையிலும் முன்கூட்டியே ஓடத் தொடங்குகின்ற நீண்ட பலகையைத்தான் தருவார்கள். தொடங்குபவருக்கு எடைக்குச் சமமான லீற்றர், முடிந்தால் அதற்குச் சற்று மேல், என்பது நான் சொல்லும் அளவு. கைதேர்ந்தவர்கள் எடையின் நூற்றுக்கு 35 முதல் 40 வரையான லீற்றரிலேயே ஓடுவார்கள். இடையில் எட்டடி, ஏழடி என்று படிகள் உண்டு, அவற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

கேள்வி: பலகையின் பக்க விளிம்பு முன்பாதியில் உருண்டையாகவும் வாற்பக்கத்தில் கத்தி போலக் கூராகவும் இருக்கிறது. இதற்கு விஞ்ஞானக் காரணம் உண்டா? அழகுக்காகச் செய்வதா? என் மாணவர்கள் கேட்டார்கள்.
– ஆசிரியை, கல்முனை

பதில்: உங்கள் மாணவர்களிடம் சமையலறையிலிருந்து ஒரு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். உருண்ட வாயுள்ள கிண்ணத்திலிருந்து தேநீரை மெதுவாக ஊற்றினால், அது கோப்பைக்குள் விழாமல் கிண்ணத்தின் வெளிப்புறத்தைத் தழுவிக்கொண்டு வழிந்து மேசையை நனைக்கும். கூரான வாயுள்ள கேத்தலிலிருந்து ஊற்றினால் நீர் அறுந்து நேரே விழும். ஓடுகின்ற நீர் உருண்ட பரப்பை விடாமல் ஒட்டிக்கொண்டு போகும், கூரான ஓரத்தில் விட்டுவிடும் என்ற இந்த ஒரே குணத்தை வைத்துத்தான் பலகை செய்பவர் தம் வேலை முழுவதையும் செய்கிறார். எங்கே நீர் பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதே அவருடைய கேள்வி.

முன்பாதி விளிம்பு உருண்டிருப்பதால் அலைமுகத்தின் நீர் அதைச் சுற்றி மேலேறித் தழுவி, பலகையை அலையோடு ஒட்டவைக்கிறது. அங்கே கூராக இருந்தால் சிறு பிசகிலும் அது அலையைக் கடித்து உங்களைத் தூக்கி எறியும். வாற்பக்கத்தில் நீர் அப்படித் தழுவினால் பலகையைப் பின்னுக்கு இழுக்கும். அங்கே கூரான ஓரம் நீரை அறுத்துவிடுவதால்தான் வேகம் கிடைக்கிறது. வாலின் வடிவமும் இதே கதைதான்: அகன்ற வால் தூக்கிக் கொடுக்கும், சிறிய அலையில் உயிர் தரும், ஊசி போல ஒடுங்கிய வால் அமிழ்ந்து பிடிக்கும், பெரிய அலையில் வழுக்காது.

பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும் வளைவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் தீர்மானிப்பது அதுதான். கரையில் அதை 'ரொக்கர்' என்பார்கள். தரையில் வைத்த பலகையின் முனையும் வாலும் எவ்வளவு மேலெழுந்து நிற்கின்றன என்பதே அதன் அளவு. வளைவு குறைந்த பலகை நீரைத் தட்டையாக மிதித்துக்கொண்டு வேகமாக ஓடும், கையால் நீரை வலித்துப் போகவும் இலகு. ஆனால் செங்குத்தான அலையில் இறங்கும்போது முனை நீருக்குள் குத்திக்கொள்ளும், வளைத்துத் திருப்பவும் அடம்பிடிக்கும். வளைவு கூடிய பலகை அலையின் குழிவுக்குள் பொருந்தி நின்று திரும்பும். ஆனால் முன்னால் இருக்கும் நீரைக் கிழிக்காமல் தள்ளிக்கொண்டே போவதால் மெதுவாகும். பாறைத் தளத்தின் மேல் எழும்பும் அறுகம்பையின் மெயின் பொயின்ற் அலை பெரிதாக வரும் நாளில் வளைவு வேண்டும். மணலின் மேல் நீண்டு மெதுவாக உருளும் பொத்துவில் பொயின்ற், விஸ்கி பொயின்ற் அலைகளுக்குத் தட்டையான பலகையே நல்லது. ஒரே பலகையில் இரண்டும் கிடைக்கும் என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஒரு செட்டை, இரண்டு, மூன்று, நான்கு என்று விதம்விதமாக இருக்கின்றன. எதுதான் சரி?
– வாசகர், திருக்கோவில்

பதில்: செட்டையே இல்லாமல்தான் மனிதர் நூற்றாண்டுகளாக அலையில் ஓடினார்கள். ஹவாயின் பழைய மரப் பலகைகளுக்குச் செட்டை கிடையாது; ஒரு காலை நீருக்குள் இழுத்துத் திசை மாற்றினார்கள், செங்குத்தான அலையில் வால் பக்கவாட்டில் வழுக்குவதை ஊழ்வினையாக ஏற்றுக்கொண்டார்கள். 1935 இல் அமெரிக்கரான டொம் பிளேக் ஒரு விசைப்படகின் அடியில் இருந்த ஏராவைக் கழற்றித் தன் பலகையின் வாலில் பொருத்திப் பார்த்தார். வாவியில் தோணி ஓட்டியவர்களுக்கு இதில் வியப்பு இராது: அடி தட்டையான ஓடம் காற்றில் பக்கவாட்டில் அடிபடும், அடியில் ஒரு கட்டை இருந்தால் நேரே போகும். பின்னர் 1960களில் இன்னொரு அமெரிக்கரான ஜோர்ஜ் கிரீனோ சூரை மீனின் வாலைப் பார்த்து, வேரில் அகன்று நுனியில் மெலிந்து வளையக்கூடிய செட்டையைச் செய்தார். அதற்குப் பின்தான் செட்டை என்பது நேரே பிடித்து வைப்பதற்கு மட்டுமல்ல, திரும்பும்போது வில் போல வளைந்து மீண்டு உந்தித் தள்ளுவதற்கும் என்று புரிந்தது.

ஒற்றைச் செட்டை நடுக்கோட்டில் ஆழமாக நிற்பதால் ஓட்டம் அமைதியாக இருக்கும், திருப்பம் நீண்டதாகவும் மெதுவாகவும் வரும். இரண்டு செட்டைப் பலகைக்கு நடுவில் தடை எதுவும் இல்லை. வேகமாகவும் சறுக்கலாகவும் ஓடும். அதில் 1979 முதல் 1982 வரை நான்கு முறை உலகப் பட்டம் வென்றார் அவுஸ்திரேலியரான மார்க் ரிச்சட்ஸ். ஆனால் அவரது நாட்டவரான சைமன் அண்டர்சன் உயரமும் பருமனும் கொண்டவர். அவர் அழுத்தி மிதித்த இடத்தில் இரட்டைச் செட்டைப் பலகை கால்களுக்குக் கீழிருந்து வழுக்கிப் போனது. 1980 இல் அவர் பக்கச் செட்டைகளைச் சிறிதாக்கி, அதே அளவான மூன்றாவது ஒன்றை வாலின் நடுவில் வைத்தார். அடுத்த ஆண்டு அவுஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச்சில் மிகப் பெரிய அலையில் நடந்த போட்டியை அந்தப் பலகையிலேயே வென்றார். அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. இன்று உலகில் விற்கும் குட்டைப் பலகைகளில் பெரும்பங்கு அந்த அமைப்பில்தான் வருகிறது என்பதை நினைத்தால் எனக்கு அவர்மேல் இரக்கமும் மரியாதையும் ஒன்றாகத் தோன்றும்.

பலகையைக் கவிழ்த்துப் பக்கச் செட்டைகளைப் பாருங்கள். அவை முனையை நோக்கிச் சற்று உள்ளே திரும்பியும், நுனி வெளியே சாய்ந்தும் நிற்கும். உட்புறம் தட்டை, வெளிப்புறம் வளைவு. விமானச் சிறகின் குறுக்குவெட்டும் அதுவே. பலகை சாயும்போது அலைப்பக்கச் செட்டை அந்தச் சிறகின் வேலையைச் செய்து உங்களை அலைமுகத்தில் பிடித்து வைக்கிறது. நான்கு செட்டைப் பலகை நடுவை விட்டுவிடுவதால் நேரோட்டத்தில் வேகம் கூடும், கூர்மையாகத் திருப்ப முயன்றால் முரண்டு பிடிக்கும். உங்களுக்கு முதற்பலகை என்றால் மூன்று போதும்.

கேள்வி: மெயின் பொயின்ற், பீனட் ஃபாம், ஒகந்தை என்று நம் கரையின் பெயர்பெற்ற அலைகள் எல்லாம் வலப்பக்கமே உடைகின்றன. அப்படியிருக்க, வலப்புறம் ஒரு விதமாகவும் இடப்புறம் ஒரு விதமாகவும் கோணலான பலகை செய்தால் என்ன?
– வாசகர், பொத்துவில்

பதில்: இந்த மாதத்தின் சிறந்த கேள்வி. 1960களிலேயே கலிபோர்னியாவில் கார்ல் எக்ஸ்ட்ரோம் என்ற பலகை செய்பவர் இப்படிச் செய்தார், இன்றும் சிலர் செய்கிறார்கள். ஆனால் கோணலைத் தீர்மானிப்பது அலை மட்டும் அன்று, உங்கள் கால்கள். வலப்பக்கம் ஓடும்போது அலைமுகம் உங்கள் வலக்கையில் இருக்கும். இடக்காலை முன்வைத்து நிற்பவர் அலையைப் பார்த்தபடி ஓடுவார். அலைக்குள் அமிழும் வல விளிம்பு அவருடைய பாதவிரல் பக்கம். விரலால் அழுத்துவது எளிது, கணுக்காலும் முழங்காலும் ஒத்துழைக்கும். எனவே அந்தப் பக்கம் நீண்டு நேராக இருந்தால் வேகம் கிடைக்கும். அலையை விட்டு வெளியே வந்து மீண்டும் நுரைப்பக்கம் திரும்ப அவர் குதிகாலால் அழுத்த வேண்டும். அந்த அசைவு உடலுக்கு இயல்பானது அன்று. ஆகவே குதிகால் பக்கத்தைக் குட்டையாகவும் வளைவு கூடியதாகவும் வெட்டினால் திருப்பம் இலகுவாகும்.

வலக்காலை முன்வைப்பவருக்கோ எல்லாம் தலைகீழ். அவர் நம் அலையில் முதுகைக் காட்டி ஓடுகிறார், அலைக்குள் இருப்பது அவருடைய குதிகால் விளிம்பு. உங்களுக்காகச் செய்த கோணற்பலகையை அவரிடம் கொடுத்தால் நண்பரை இழப்பீர்கள். வாடகைக் கடைகளில் இவ்வகைப் பலகை அரிதாக இருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். ஒரே கரையில் ஒரே காலால் ஆண்டு முழுவதும் ஓடும் ஒருவருக்கு மட்டும் செலவழிக்கத் தகுந்தது.

கேள்வி: மட்டக்களப்பில் இருந்துகொண்டே பழகலாமா? கல்லடிக்கும் பாசிக்குடாவுக்கும் எந்தப் பலகை?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: பாசிக்குடாவில் அலையே இல்லை. அங்கே நீண்ட மென்பலகையில் படுத்துக் கையால் வலிக்கப் பழகலாம், அதுவும் பாதி வித்தைதான். கல்லடியில் நான் பார்த்த நாட்களில் அலை கரையோரத்திலேயே குத்தி உடைந்தது. கடும் பலகை அங்கே உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். இரண்டு இடத்துக்கும் மென்பலகை, மழைக்காலத்தில் இரண்டும் வேண்டாம்.

கேள்வி: பழைய பலகை ஒன்று மலிவாகக் கிடைத்தது. வாலருகே வெடிப்பு. வள்ளத்துக்குப் பூசும் பைபர் ரெசினால் நானே அடைக்கலாமா?
– வாசகர், அட்டாளைச்சேனை

பதில்: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பூசாதீர்கள். இப்படிப் பூசி ஒரு பலகையைக் கொன்றவன் நான். மாலையில் அடைத்துவிட்டு வந்தேன். காலையில் பார்த்தபோது வெடிப்பு இருந்த இடத்தில் கை நுழையும் அளவு பள்ளம்.

பலகையின் உட்பொருள் இரண்டு வகை. ஒன்று 1950களின் இறுதியிலிருந்து வழக்கத்தில் உள்ள பொலியூரித்தேன் நுரை. வள்ளத்துக்குப் பூசும் பொலியெஸ்டர் ரெசின் அதில் நன்றாகவே பிடிக்கும். மற்றது நாம் ரெஜிபோம் என்று சொல்லும் வெள்ளை மணிகளால் ஆன பொலிஸ்டைரீன் நுரை. பொலியெஸ்டர் ரெசினில் கலந்திருக்கும் ஸ்டைரீன் அந்த நுரையைச் சீனி போலக் கரைத்துவிடும். அதற்கு எப்பொக்சி ரெசின்தான் வேண்டும். வெடிப்புக்குள் விளக்கடித்துப் பாருங்கள். சிறு மணிகள் தெரிந்தால் அல்லது பலகை அதன் பருமனுக்குப் பொருந்தாத இலேசாக இருந்தால், அது இரண்டாவது வகை. ஐயம் இருந்தால் எப்பொக்சியையே வாங்குங்கள், விலை கூடினாலும் இரண்டு வகையிலும் அது பிடிக்கும்.

அதற்கு முன் பலகையை வெடிப்பு கீழே இருக்கும்படி நிழலில் சாய்த்து, சில நாட்கள் நீர் வடிய விடுங்கள். வெயிலில் வைத்துக் காய்ச்ச வேண்டாம். உள்ளிருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து மேற்தோலை நுரையிலிருந்து பிரித்துக் கொப்புளமாக்கிவிடும். விரலால் தட்டிப் பார்த்து 'டொக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் மந்தமாகக் கேட்டால் தோல் ஏற்கெனவே பிரிந்திருக்கிறது, அப்படியானால் மலிவாகக் கிடைத்ததற்கு அதுதான் காரணம்.