பாப்-அப் வாழ்த்து அட்டை: மடிப்பைக் கற்பித்த பிறகு வண்ணம்

திறந்தவுடன் உள்ளிருந்து உருவங்கள் எழுந்து நிற்கும் பாப்-அப் வாழ்த்து அட்டைகளைக் குழுவாகக் கற்பிப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். பொங்கலுக்கு முன்பாகப் பயிற்சி நடத்த விரும்புவோரே பெரும்பாலும் எழுதியிருப்பதால், எடுத்துக்காட்டுகளையும் பொங்கல் வாழ்த்து அட்டையிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன், வகுப்பில் 30 பிள்ளைகள். சென்ற ஆண்டு அழகான ஓர் அட்டையைச் செய்து காட்டி, அதைப் போலவே செய்யச் சொன்னேன். ஐந்தாறு பேருக்குத்தான் வந்தது. மற்றவர்கள் வண்ணம் தீட்டுவதோடு நின்றுவிட்டார்கள். இம்முறை எப்படித் தொடங்குவது?
— ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

முடிந்த அட்டையை முதலில் காட்டாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அழகாக முடிந்த அட்டையைப் பார்க்கும் பிள்ளையின் கண்ணில் பானையும் கரும்பும் சூரியனும்தான் படுகின்றன. அவற்றை எழுப்பி நிறுத்துகிற மடிப்பு அந்த வண்ணங்களுக்குள் மறைந்துவிடுகிறது. பிள்ளைகள் தாங்கள் பார்த்ததைச் செய்தார்கள், அதாவது படத்தை வரைந்தார்கள். அதில் அவர்கள் மேல் குறை ஏதும் இல்லை.

எழுதித் தீர்ந்த நோட்டுத் தாளிலிருந்து தொடங்குங்கள். தாளை இரண்டாக மடித்து, மடிப்பு விளிம்பின் நடுவில் கத்தரிக்கோலால் விரலகலத்துக்கு ஒரே ஒரு வெட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டின் இரு பக்கத்து ஓரங்களையும் முக்கோணமாக முன்னும் பின்னும் மடித்துப் பழக்கிய பிறகு, தாளை விரித்து அந்த முக்கோணங்களை உட்பக்கமாகத் தள்ளினால் ஒரு வாய் உருவாகும்; தாளைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்த வாயும் திறந்து மூடும். அதைக் கிளியாக்குவதா தவளையாக்குவதா என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்துகொள்வார்கள். மடிப்பு தாளை நகர்த்துகிறது என்பதைக் கை ஒருமுறை உணர்ந்துவிட்டால், அடுத்துக் கற்பிப்பவை யாவும் எளிதாகிவிடும்.

அடுத்ததாகப் படி மடிப்பைக் கற்பிக்கலாம். மடித்த தாளின் மடிப்பு விளிம்பிலிருந்து ஒரே நீளத்தில் இரண்டு இணையான வெட்டுகள் வெட்டி, நடுவில் உள்ள பட்டையை முன்னும் பின்னும் மடித்துப் பழக்கி, விரித்து உள்ளே தள்ள வேண்டும். அட்டையை எல் எழுத்து வடிவில் பாதி திறந்து வைத்தால், நடுவில் ஒரு படி எழுந்து நிற்கும். அந்தப் படியின் முன்முகத்தில்தான் பொங்கல் பானையை ஒட்டப் போகிறோம். வெவ்வேறு நீளங்களில் மூன்று படிகள் வெட்டினால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தளங்கள் கிடைக்கும். பானை முன்னே, வீடு பின்னே என்று ஒரு முற்றமே உருவாகிவிடும்.

மூன்றாவதாக, தனியாக வெட்டிய உருவத்தை நடுவில் மடித்து, அதன் அடியில் இரு பக்கமும் ஒட்டுப்பட்டை விட்டு, அட்டையின் நடுமடிப்பின் மேல் ‘வி’ வடிவில் ஒட்டும் முறை. முழுமையாக விரித்த அட்டையிலும் எழுந்து நிற்கும் உருவத்துக்கு இதுவே ஏற்றது. படி மடிப்போ முழுமையாக விரித்தால் படுத்துவிடும். கரும்புக் கட்டுக்கு ‘வி’ முறை மிக அழகாகப் பொருந்தும். இந்த மூன்றுக்கு மேல் ஆறாம் வகுப்புக்கு எதுவும் தேவையில்லை. இவற்றைச் சாதாரணத் தாளில் செய்து முடித்தவர்களுக்கு மட்டும் கெட்டித் தாளையும், அதற்குப் பிறகே வண்ணப் பென்சிலையும் கொடுங்கள். இந்த வரிசை மாறினால் சென்ற ஆண்டு நடந்ததே மீண்டும் நடக்கும்.

30 பேருக்கு ஒருவராகக் கற்பிப்பது கடினம். ஆர்வமுள்ள ஐந்து பேரை முதல் நாளே அழைத்துக் கற்றுக்கொடுத்து, ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஒருவராக உட்கார வையுங்கள். அந்த ஐவரும் நன்றாக வரைபவர்களாக இருக்க வேண்டிய தேவையில்லை; மற்றவரின் தாளைப் பிடுங்கித் தாங்களே செய்து தராத பொறுமை உள்ளவர்களாக இருந்தால் போதும். நீங்கள் செய்து காட்டும்போது முழு சார்ட் தாளைப் பயன்படுத்துங்கள்; கடைசி வரிசைக்கும் வெட்டு தெரிய வேண்டும்.

தாளைப் பற்றியும் ஒரு சொல். நகலெடுக்கும் சாதாரணத் தாள் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவுதான் இருக்கும்; பழகுவதற்கு அது நல்லது, ஆனால் அட்டைக்குத் தாங்காது. 160 முதல் 220 ஜிஎஸ்எம் வரை உள்ள தாள் போதுமானது. வீடுகளில் சேர்ந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவரச் சொன்னால் செலவே இல்லாமல் நல்ல கெட்டித் தாள் கிடைக்கும். பொன் நிற வேலைப்பாடு உள்ள பகுதிகள் சூரியனுக்கும் பானையின் விளிம்புக்கும் பயன்படும். கெட்டித் தாளை மடிக்கும் முன், அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் மடிப்புக் கோட்டில் அழுத்தித் தடம் போட வேண்டும். இதைச் செய்யாமல் மடித்தால் மடிப்பு கோணலாகும், தாளின் மேற்பரப்பும் வெடிக்கும்.

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் 12 பேர் இந்த அட்டைகளைச் செய்து விற்க முயல்கிறோம். சில அட்டைகள் சரியாக மூடுவதில்லை. சிலவற்றில் மூடிய பிறகும் சூரியனின் கதிர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பசை காய்ந்ததும் தாள் நெளிந்தும் போகிறது. எங்கே தவறு?
— வாசகி, தஞ்சாவூர்

நீட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அளவு. ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, அதில் ஒரு பாதியை மடித்தால், மடிப்பிலிருந்து எதிர் விளிம்பு வரை 10.5 சென்டிமீட்டர் இருக்கும். நீங்கள் 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய படியில் ஓர் உருவத்தை ஒட்டினால், மூடிய அட்டைக்குள் அந்த உருவத்தின் அடிப்பகுதி, அட்டையின் மடிப்பிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளியே படுக்கும். ஆகவே 10.5-இல் 3-ஐக் கழித்து, 7.5 சென்டிமீட்டருக்குள் உருவத்தின் உயரம் அடங்க வேண்டும். ஓரத்தில் சிறிது இடம் விட்டு 7 என்று வைத்துக்கொள்வது நல்லது. வெட்டை நீளமாக்கினால் உருவத்தின் உயரத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே புரியும். படியின் முனை மூடிய நிலையில் வெட்டு நீளத்தின் இருமடங்கு தூரத்தில் வந்து நிற்பதால், இந்த அளவு அட்டையில் எந்த வெட்டும் 5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதை ஒருவர் மட்டும் அறிந்திருந்தால் போதாது. 12 பேரும் அவரவர் கையால் அளந்து பார்க்க வேண்டும். விற்பனைக்கு வைக்கும் அட்டை ஒவ்வொன்றும் ஒரே தரத்தில் இருப்பதற்கு அதைத் தவிர வேறு வழியில்லை.

மூடாமல் அடம்பிடிப்பது பெரும்பாலும் ‘வி’ முறை அட்டைகளாகத்தான் இருக்கும். உருவத்தின் நடுமடிப்பு அட்டையின் நடுமடிப்பின் மேல் துல்லியமாக அமர்ந்து, இரு பக்க ஒட்டுப்பட்டைகளும் நடுமடிப்போடு ஒரே கோணத்தில் அமைந்தால்தான் அட்டை தாராளமாக மூடும். இதைக் கண்ணளவில் செய்ய முயலாதீர்கள். ஒரு பட்டையை மட்டும் முதலில் ஒட்டுங்கள். உருவத்தை மடித்து அந்தப் பக்கத்தின் மேலேயே படுக்க வையுங்கள். மேலே தெரியும் இரண்டாவது பட்டையில் பசை தடவி, அட்டையை அப்படியே மூடி அழுத்துங்கள். இரண்டாவது பட்டை தான் ஒட்ட வேண்டிய இடத்தில் தானே ஒட்டிக்கொள்ளும். இரு பட்டைகளும் நடுமடிப்பில் ஒன்றோடொன்று முட்டாதபடி மயிரிழை இடைவெளி விடுவதும் அவசியம்.

நெளிவுக்கு நீர் கலந்த வெள்ளைப் பசைதான் காரணம். தாள் ஈரத்தை உறிஞ்சி விரிந்து, காயும்போது சுருங்குகிறது. ஃபெவிகாலைக் கொட்டிப் பரப்பாமல், ஒரு துண்டு அட்டையில் எடுத்து மிக மெல்லியதாகத் தடவி, காயும் வரை கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். பெரிய பரப்புகளுக்குக் குச்சிப் பசையோ இருபக்கமும் ஒட்டும் டேப்போ நல்லது. படி வெட்டிய தாளின் பின்னால் ஓட்டை தெரியும் என்பதால் வெளியுறையாக இன்னொரு தாளை ஒட்டுவீர்கள். அப்போது எழும் பட்டையின் பின்புறத்தில் ஒரு துளிப் பசைகூடப் படக் கூடாது. தாளுக்கும் இழைவாக்கு, அதாவது நார்கள் ஓடும் திசை, உண்டு. இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள்; எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ, நடுமடிப்பு அந்தத் திசையில் அமைந்தால் சுத்தமாக மடியும்.

கேள்வி: இணையத்தில் ஆயத்த மாதிரிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. கிளை நூலகத்தில் நடத்தும் விடுமுறைப் பயிற்சிக்கு அவற்றை அச்சிட்டுக் கொடுத்துவிடலாமா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

முதல் வகுப்பில் வேண்டாம். அச்சிட்ட கோட்டில் வெட்டுபவர், அந்தக் கோடு அங்கே ஏன் இருக்கிறது என்று கேட்பதில்லை. மூன்று மடிப்புகளும் கைவந்த பிறகு கொடுத்தால், அதே மாதிரிகள் நல்ல பாடமாக அமையும். பார்த்தவுடனே, இது படி மடிப்புதான், பல அடுக்காக வந்திருக்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஜப்பானியக் கட்டடக்கலைப் பேராசிரியர் மசாஹிரோ சதானி 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய காகிதக் கட்டட முறையும் இந்த அடிப்படையில் அமைந்ததே. ஒரே தாளில், வெட்டும் மடிப்பும் மட்டும் கொண்டு, மாளிகைகளையும் படிக்கட்டுகளையும் அவர் எழுப்பிக் காட்டினார். நெல்லையப்பர் கோயில் கோபுரத்தைப் படி மடிப்பில் அமைத்துப் பார்க்கும்படி உங்கள் குழுவிடம் சொல்லுங்கள். மேலே போகப் போகக் குறுகும் நிலைகள் இந்த முறைக்காகவே அமைந்தவை போல இருக்கும்.

கேள்வி: எட்டு வயதுப் பிள்ளைகளிடம் கட்டர் கொடுக்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

கூடாது. மேலே சொன்ன மடிப்புகள் யாவும் மடிப்பு விளிம்பிலிருந்தோ தாளின் ஓரத்திலிருந்தோ வெட்டப்படுபவை என்பதால், முனை மழுங்கிய கத்தரிக்கோலே போதும். தாளின் நடுவே வெட்ட வேண்டிய வேலைப்பாடுகள் இருந்தால், அவற்றைப் பெரியவர் ஒருவர் தனி மேசையில் இரும்பு அளவுகோல் வைத்து, ஒரே அழுத்தாக அழுத்தாமல் இரண்டு மூன்று முறை இலேசாக இழுத்து வெட்டித் தரட்டும். ஒடித்த பிளேடுத் துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு அவர்களுக்கான கத்தரிக்கோல் தேடி வாங்கிக் கொடுப்பது நல்லது. கை வரவில்லை என்று அவர்கள் ஒதுங்குவதற்குக் கத்தரிக்கோலே பல நேரம் காரணமாகிறது.

கேள்வி: எங்கள் சிறுவயதில் பொங்கலுக்கு வாழ்த்து அட்டைகள் தபாலில் வந்து குவியும். முதியோர் குழுவாக நாங்கள் பாப்-அப் அட்டை செய்து பேரப் பிள்ளைகளுக்கு அனுப்ப விரும்புகிறோம். தபாலில் தாங்குமா?
— வாசகர், மதுரை

தாங்கும். கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பொங்கல் வாழ்த்துகளிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஏற்றதைத் தேடி எடுத்த தலைமுறை நீங்கள். கையால் செய்த அட்டையோடு அந்தப் பழக்கம் திரும்பி வருவதை நான் மனமார விரும்புகிறேன்.

எடையைக் கணக்கிட்டுச் செய்யுங்கள். 200 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஏறத்தாழ 12.5 கிராம் இருக்கும். உட்தாளுக்கு அதில் பாதி, வெளியுறைக்கு மறுபாதி என்று ஒரே தாளில் முடித்தால், உருவங்களையும் மெல்லிய தபால் உறையையும் சேர்த்து 20 கிராமுக்குள் அடங்கும். சாதாரணக் கடிதத்துக்கான முதல் கட்டண வரம்பும் 20 கிராம்தான். இரண்டு முழுத் தாள்களைப் பயன்படுத்தினால் அதைத் தாண்டிவிடும். எனவே தபால் தலை ஒட்டும் முன் அஞ்சலகத்தில் எடை போட்டுப் பாருங்கள். மணி, கண்ணாடித் துண்டு, தெர்மகோல் போன்றவற்றைத் தவிர்த்து விடுங்கள். முத்திரை குத்தும்போது அவை நொறுங்கும், உறையையும் கிழிக்கும். எழும் உருவங்கள் ஒரே இடத்தில் நான்கைந்து அடுக்காகச் சேராமல் பக்கம் முழுவதும் பரவியிருந்தால் உறை புடைக்காது.

விரல் நடுக்கம் உள்ளவர்கள் அட்டையை இருமடங்கு பெரிதாகச் செய்து பழகலாம். அல்லது வெட்டுவதை ஒருவரும் மடிப்பதை இன்னொருவருமாகப் பகிர்ந்துகொள்ளலாம். வாழ்த்தை மட்டும் அவரவர் கையெழுத்தில், உருவம் எழும்போது மறையாத கீழ்ப் பக்கத்தில் எழுதி, பொங்கலுக்குப் பத்து நாள் முன்னதாகவே தபாலில் சேர்த்துவிடுங்கள்.