ஹார்னஸ் ரேசிங்கில் வேண்டுமென்றே இடிக்காதவருக்கும் ஏன் தடை?

“ஓட்டுநர் வேண்டுமென்று மோதவில்லையே, அப்புறம் எதற்கு அவருக்குத் தடை?” என்பது கேள்வி. ஹார்னஸ் ரேசிங் என்பது குதிரைகள் ஓட்டுநர் அமர்ந்த வண்டியை இழுத்து ஓடும் பந்தயம். அதற்கான ஆஸ்திரேலிய விதிகளை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே கவனக்குறைவு, பொறுப்பற்ற ஓட்டம், திறமையின்மை எல்லாம் தனித்தனிக் குற்றங்கள். கவனக்குறைவுக்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. நிதானமுள்ள ஓட்டுநர் காட்டியிருக்கும் கவனத்தை இவர் காட்டினாரா என்றுதான் ஸ்டூவர்டுகள், அதாவது பந்தயத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகள், பார்க்கிறார்கள். முன்னால் போகிற குதிரையை முழுதாகத் தாண்டாமல் உள்பக்கம் வெட்டுவது வழக்கமான உதாரணம். குதிரைக்குப் பின்னால் சல்கி என்ற இலேசான இருசக்கர வண்டி இருக்கிறது. அதன் சக்கரம் பின்னால் வரும் குதிரையின் காலில் பட்டால் அது நடை தவறும், சில நேரம் விழும். பின்னால் நெருக்கமாக வருகிறவர்களுக்கு விலக இடமே இருக்காது. அதனால் எண்ணத்தைவிட விளைவுக்கான வாய்ப்பையே பெரிதாக எடுத்துக்கொள்வது சரி என்பேன்.

பந்தயம் முடிந்ததும் ஸ்டூவர்டுகள் காணொளியைப் போட்டு, சம்பந்தப்பட்ட ஓட்டுநர்களை விசாரிப்பார்கள். எவ்வளவு இடையூறு நேர்ந்தது, பழைய பதிவு எப்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டாரா என்பதையெல்லாம் வைத்துத் தடைக்காலம் முடிவாகும். மேல்முறையீடும் செய்யலாம்.

குதிரையை முடிவுப் பட்டியலில் கீழே இறக்குவது வேறு விசாரணை. இடையூறு செய்த குதிரை இடத்தை இழக்காமலே ஓட்டுநருக்குத் தடை கிடைக்கலாம்.

அபராதம் மட்டும் போதாதா? நிறையச் சம்பாதிக்கும் ஓட்டுநர் அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுவார். சவாரி பறிபோவதுதான் அவருக்கு உண்மையில் வலிக்கும்.