சாண்ட்லரிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க மாநிலங்களின் குடியேற்றச் சட்டங்களை எதிர்த்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் அரிசோனாவில், சாண்ட்லரில் இருக்கிறேன். ஹெச்1பி விசாவில் வந்து பதினேழு வருஷம் ஆகிறது, கிரீன் கார்டு வரிசை இன்னும் நகரவில்லை. விசா முத்திரைக்காகச் சென்னை வரும்போதெல்லாம், திரும்ப விடுவார்களா மாட்டார்களா என்று தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறோம். வேலி தாண்டி வந்தவர்களை மாநிலப் போலீஸ் பிடித்தால் அதில் என்ன உரிமை மீறல்? அதற்கு வழிசெய்யும் 314-ஆம் முன்மொழிவை 2024 நவம்பரில் அரிசோனா மக்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். இங்கே பிறந்த என் மகள் உங்கள் பக்கம்தான் பேசுகிறாள். எனக்குத்தான் புரியவில்லை. முறைப்படி வந்தவன் இதில் பயப்பட என்ன இருக்கிறது?

கே., சாண்ட்லர்

அன்புள்ள கே.,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பதினேழு வருஷம் ஒரு மனிதனைக் காத்திருக்க வைப்பது அநியாயம், அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்வது வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்டு வைத்திருக்கும் கிரீன் கார்டு ஒதுக்கீடு. வேலி தாண்டி வந்து தக்காளி பறிப்பவர் உங்கள் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கவில்லை.

நீங்கள் இருக்கும் ஊரிலேயே ஆரம்பிக்கிறேன். 1997 ஜூலையில், ஐந்து நாட்கள், சாண்ட்லர் நகரப் போலீஸும் எல்லைக் காவல் படையும் சேர்ந்து தெருத்தெருவாக ஆட்களை நிறுத்தினார்கள். 400-க்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள், அவர்களிடம் ஆவணம் இல்லை என்பது உண்மை. ஆனால் அவர்களைப் பிடிப்பதற்காக வேறு யாரையெல்லாம் நிறுத்தினார்கள்? மளிகைக்கடையிலிருந்து பையோடு வெளியே வந்தவர்கள், பரம்பரையாக அரிசோனாவிலேயே வாழும் குடும்பங்கள், அமெரிக்கக் குடிமக்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் அதே ஆண்டு விசாரித்து, தோலின் நிறத்தையும் மெக்சிகோ வம்சாவளித் தோற்றத்தையும் வைத்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. பிறகு வழக்கில் நகர நிர்வாகம் 4 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

நான் சொல்ல வருவது இதுதான். சட்டம் முறைப்படி வந்தவர், வராதவர் என்று பிரிக்கிறது என நினைக்கிறீர்கள். சாலையோரம் நிற்கும் போலீஸ்காரருக்கு அந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் முகம், பேச்சு, கார், கூட இருப்பவர்கள். கேட்ட பிறகுதான் நீங்கள் யார் என்று தெரியும், யாரைக் கேட்பது என்பதோ அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

2010 ஏப்ரலில் அரிசோனா கவர்னர் ஜான் ப்ரூவர் கையெழுத்திட்ட எஸ்பி 1070 என்ற மாநிலச் சட்டம் இதைத்தான் கட்டாயமாக்கியது. வேறு காரணத்துக்காக நிறுத்தியவர் மீது 'நியாயமான சந்தேகம்' வந்தால் அவருடைய குடியேற்ற நிலையைப் போலீஸ் விசாரித்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் அரிசோனாவில் பயமும் கோபமும் இருந்தன, அதை நான் மறைக்கவில்லை. சில வாரங்களுக்கு முன்புதான் எல்லையருகே ஒரு பண்ணைக்காரர் தன் நிலத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஆனால் சட்டத்தை எதிர்த்தவர்களில் அரிசோனாவின் போலீஸ் தலைவர்கள் சங்கமும் இருந்தது, டூசான் நகரக் காவலர் ஒருவர் தானே வழக்குப் போட்டார். அவர்களுடைய கவலை நடைமுறை சார்ந்தது. போலீஸைப் பார்த்தாலே ஓடும் மக்கள் சாட்சி சொல்ல வரமாட்டார்கள், அடிவாங்கிய பெண் புகார் கொடுக்க வரமாட்டாள்.

2012-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் மூன்று பிரிவுகளைச் செல்லாதென்றது, விசாரிக்கச் சொல்லும் பிரிவை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது. அனுமதியில்லாமல் அந்த நாட்டில் இருப்பது பொதுவாகக் குற்றமே அல்ல, அது சிவில் மீறல் என்று நீதிபதி கென்னடி அந்தத் தீர்ப்பில் எழுதியதை நம் ஆட்களில் பலர் நம்பவே மாட்டார்கள்.

முறைப்படி வந்தவன் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டீர்கள் அல்லவா? 2007-ல் உங்கள் மாரிகோபா கவுண்டியிலேயே, முறையான விசாவில் மெக்சிகோவிலிருந்து வந்திருந்த ஒருவர் காரில் பயணியாக உட்கார்ந்திருந்தார். வண்டியை நிறுத்தினார்கள், ஓட்டிய வெள்ளைக்காரரை அனுப்பிவிட்டார்கள், விசா வைத்திருந்தவரைப் பல மணி நேரம் பிடித்து வைத்தார்கள். அவர் போட்ட வழக்கில்தான் 2013-ல் ஷெரீஃப் ஜோ அர்பாயோவின் அலுவலகம் இனம் பார்த்து ஆட்களை நிறுத்தியது என்று தீர்ப்பு வந்தது. அவருடைய ஆவணங்களும் உங்களுடையதைப் போல சரியாகத்தான் இருந்தன.

அலபாமா இன்னும் மேலே போனது. 2011-ல் அங்கே வந்த ஹெச்பி 56 என்ற சட்டம், பள்ளியில் சேரும் பிள்ளைகளின் குடியேற்ற நிலையைக் கேட்டுப் பதியச் சொன்னது. ஆவணமில்லாத பிள்ளைகளுக்கும் பள்ளியில் இடம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லியாகிவிட்டது, அதனால் இவர்கள் யாரையும் வெளியே போ என்று சொல்லவில்லை, வெறுமனே கேட்டார்கள். சட்டம் அமலுக்கு வந்த சில நாட்களில், ஒரே நாளில், மாநிலம் முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. இவர்களில் பலர் அங்கேயே பிறந்த குடிமக்கள். ஆல்குட் என்ற சிற்றூரில் குடிநீர் அலுவலகம், அலபாமா ஓட்டுநர் உரிமமோ புகைப்பட அடையாள அட்டையோ இல்லாவிட்டால் தண்ணீர் இணைப்பு போகலாம் என்று அறிவிப்பு ஒட்டியது. தண்ணீரை நிறுத்துவேன் என்று சொன்னால் நம்மூரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், ஊர்விலக்கு. எனக்கு அந்த அறிவிப்பைப் படித்தபோது வயிறு கலங்கியது. அந்த நவம்பரிலேயே, டஸ்கலூசாவில், வாடகைக் கார் ஓட்டிவந்த மெர்சிடிஸ் நிறுவனத்தின் ஜெர்மன் அதிகாரியையும், கையில் உரிய லைசென்ஸ் இல்லை என்று கைது செய்தார்கள். அந்தப் பகுதியின் பெரிய தொழிற்சாலையே அவர்களுடையது. செய்தி உலகம் முழுக்கப் போனது. தண்ணீர் அறிவிப்புக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை.

சரி, 314-க்கு வருகிறேன். அது 1070-ஐவிடக் கவனமாக எழுதப்பட்டது, ஒத்துக்கொள்கிறேன். எல்லை தாண்டியதைப் போலீஸ் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது கேமராவில் பதிவாகியிருக்க வேண்டும் என்கிறது. ஆனால் கூடவே, போதுமான வேறு ஆதாரம் இருந்தாலும் சரி என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. கைது செய்யும் பிரிவும், எல்லை தாண்டி வந்தவர்களை மாநிலமே கைது செய்து திருப்பி அனுப்ப வழிசெய்யும் டெக்சாஸின் எஸ்பி 4 சட்டம் அல்லது அதைப் போன்ற சட்டம் தொடர்ந்து 60 நாள் அமலில் இருந்தால்தான் உயிர் பெறும். 2024 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் எஸ்பி 4 தற்காலிகமாக அமலுக்கு வர அனுமதித்தது, அன்று இரவே, வழக்கை நடத்திக்கொண்டிருந்த ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்தச் சில மணி நேரத்துக்குள் மெக்சிகோ, டெக்சாஸ் திருப்பி அனுப்பும் யாரையும் ஏற்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. ஒரு மாநிலம் தானாக ஆட்களை நாடு கடத்தப் புறப்பட்டால் இப்படித்தான் பக்கத்து நாட்டோடு மோதிக்கொண்டு நிற்கும். 1870-களில் கலிபோர்னியா அதிகாரி ஒருவர் கப்பலில் வந்த சீனப் பெண்களை ஒழுக்கமற்றவர்கள் என்று முத்திரை குத்தித் தலைக்கு 500 டாலர் பிணை கேட்டபோதும் உச்ச நீதிமன்றம் இதே காரணத்தைச் சொல்லித்தான் அந்தச் சட்டத்தைத் தள்ளியது.

அப்புறம் உங்கள் மகள். பதினெட்டு வயது நிரம்பிய வெளிநாட்டவர் தன் பதிவு ஆவணத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது ஃபெடரல் சட்டம், நீங்கள் வைத்திருப்பீர்கள். குடிமகளான அவளுக்கு அப்படி ஒரு கடமையும் இல்லை. சாலையில் நிறுத்திக் கேட்டால் கையில் தாள் இருப்பது உங்களிடம்தான், அவளிடம் இல்லை, முகம் மட்டும் இருவருக்கும் ஒன்று. ஹைஸ்கூல் முடிப்பதற்குள் கார் ஓட்ட ஆரம்பித்துவிடுவாள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போ என்று அவளிடம் சொல்வீர்களா? அவள் என்ன பதில் சொன்னாள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.